வாய்க்குள் ஒரு திருகாணி

தோட்டின் தங்கத்துக்கு முத்திரை உண்டு. தாடை எலும்புக்குள் போகும் டைட்டானியத்துக்கு? அதன் கலவையை நம்பகமாக அளப்பது பார்ப்பதுபோல் சுலபமல்ல.

மாதுங்காவில் தோடு வாங்கப் போகும் எந்த மாமியும் கடைக்காரர் வார்த்தையை மட்டும் நம்பி வெளியே வருவதில்லை. பூதக்கண்ணாடியை வாங்கி ஹால்மார்க் முத்திரையைப் பார்ப்பார். எழுத்தும் எண்ணுமாக ஆறு இடம் கொண்ட குறியீடு இருக்கிறதா என்று கேட்பார். திருகாணியிலும் அதே தங்கம்தானா என்று போகிற போக்கில் ஒரு கேள்வியையும் போட்டு வைப்பார். அதே மாமி வடாலாவில் வண்டி மாறி நெருளில் இறங்கி, பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்து, தாடை எலும்பில் துளை போட்டு இன்னொரு திருகாணியை மாட்டிக்கொள்கிறார். அதைப் பற்றி அவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: வலிக்குமா?

இந்தத் திருகாணிக்கு இம்ப்ளான்ட் என்று பெயர். சுமார் நாலு மி.மீ. விட்டம், பத்து மி.மீ. நீளம், அரை கிராமை ஒட்டிய எடை. எலும்பு அதைப் பற்றிக்கொண்ட பிறகு மேலே கேப் ஏறும். பல் போனால் சொல் போச்சு என்ற காலம் போய்விட்டது. நெருளில் மட்டுமே டி.ஒய். பாட்டீல், டெர்னா என்று இரண்டு பல் மருத்துவக் கல்லூரிகள். செக்டாருக்கு செக்டார் கிளினிக்குகள். சுவீடன், சுவிட்சர்லாந்து, கொரியா, இஸ்ரேல், இந்தியா என்று பல நாட்டுச் சரக்கு கிடைக்கிறது. விலையில் பல மடங்கு வித்தியாசம். ஆனால் பெட்டியின் மேல் எல்லாவற்றிலும் அச்சாகியிருக்கும் சொல் ஒன்றே: டைட்டானியம்.

அந்தச் சொல்லுக்குள்தான் விஷயமே இருக்கிறது.

டைட்டானியம் எலும்போடு ஒட்டும் என்பது தற்செயலாகத் தெரிய வந்தது. 1952-இல் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானெமார்க் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் குழல் ஒன்றைப் பொருத்தி ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆராய்ச்சி முடிந்து குழலைத் திரும்ப எடுக்கப் பார்த்தபோது எலும்பு விடவில்லை. விலை உயர்ந்த கருவி வீணாகிவிட்டதே என்று நொந்துகொள்ளாமல், ஏன் விடவில்லை என்று யோசித்தார். 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதல் டைட்டானியத் திருகாணிகள் இறங்கின. 2006-இல் இறக்கும்வரை அவற்றோடுதான் அவர் சாப்பிட்டார். ஏறக்குறைய 40 வருடம். உலகம் முழுக்க இன்று நடக்கும் இம்ப்ளான்ட் வைத்தியத்துக்கு ஆதாரமே இந்த நம்பிக்கைதான்: சரியான உலோகம், சரியாகச் செய்தால், ஆயுள் முழுக்க நிற்கும்.

சரியான உலோகம் என்றால் எது? சுத்த டைட்டானியம் என்று வியாபாரத்தில் சொல்லப்படுவதே நான்கு ரகம். முதல் ரகத்தில் ஆக்சிஜன் 0.18 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. இரண்டாவதில் 0.25, மூன்றாவதில் 0.35, நான்காவதில் 0.40. இரும்பின் அளவும் கொஞ்சம் மாறும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இந்தத் துளியூண்டு ஆக்சிஜன்தான் உலோகத்தின் குணத்தையே நிர்ணயிக்கிறது. முதல் ரகம் அறுந்துபோகாமல் தாங்க வேண்டிய குறைந்தபட்ச இழுவிசை 240 மெகாபாஸ்கல் என்றால் நான்காவது ரகத்துக்கு 550. இரு மடங்குக்கும் மேல். டைட்டானிய அணுக்களின் இடுக்குகளில் புகுந்து உட்காரும் ஆக்சிஜன் உலோகத்தைக் கெட்டியாக்குகிறது. அளவு மீறினால் எளிதில் உடையும் உலோகமாக்கிவிடுகிறது. சமையலில் உப்பு மாதிரி.

ஐந்தாவது ரகம் வேறு ஜாதி. சுமார் ஆறு சதவீதம் அலுமினியமும் நான்கு சதவீதம் வெனேடியமும் சேர்ந்த கலவை. விமானத் தொழிலுக்காக வளர்ந்து, இடுப்பு மூட்டு வழியாக மருத்துவத்துக்கு வந்தது. பலம் அதிகம். ஆனால் வெனேடியம் உயிரணுக்களுக்கு ஆகாது என்று சோதனைக்கூடங்களில் தெரிந்த பிறகு, அதற்குப் பதில் நியோபியம் சேர்த்து ஒரு கலவையை சுவிட்சர்லாந்தில் உருவாக்கினார்கள். ஐந்தாவது ரகத்தால் வாயில் கெடுதல் என்று நிரூபணம் ஏதும் இல்லை. இடுப்பிலும் முழங்காலிலும் அதைச் சுமந்து திரிபவர்கள் ஏராளம். கேள்வி அதுவல்ல. பெட்டியில் நான்காவது ரகம் என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பதும் அதுதானா?

மெலிந்த தாடைக்கு 3.3 மி.மீ. இம்ப்ளான்ட் வைக்கும்போது இது ஏட்டுச்சுரைக்காய் விஷயம் இல்லை. நடுவில் திருகு இறங்கத் துளை போனபிறகு சுவரில் மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தினம் ஆயிரக்கணக்கான தடவை கடிபடும் இடம். நான்காவது ரகம் என்று நினைத்து இரண்டாவதை வைத்தால் சில வருடத்தில் விரிசல் விடலாம். எலும்புக்குள் உடைந்த துண்டை எடுக்க, சுற்றியுள்ள எலும்பையும் சேர்த்துக் குடைய வேண்டும். மறுபடி வைக்க எலும்பு மிஞ்சுமா என்பது சந்தேகம்.

பரிசோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

தென் மும்பையின் கேத்வாடி சந்துகள் இரும்பு, எவர்சில்வர், டைட்டானியம் என்று உலோகத்தின் பெரிய சந்தை. அங்கே துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைத் தண்டின் மேல் வைத்து அழுத்தினால் சில நொடிகளில் திரையில் ரகம் தெரியும். எக்ஸ்-ரே பாய்ச்சி, உலோகம் திருப்பி உமிழும் எக்ஸ்-ரேயை வைத்து இன்னது என்று சொல்லும் கருவி. ஜவேரி பஜாரில் நகைக்கு வைப்பதும் இதே தத்துவம்தான். தண்டுக்கும் குழாய்க்கும் இது அருமையான கருவி. பல் இம்ப்ளான்ட்டுக்கு வரும்போது தடுமாறுகிறது.

முதல் காரணம், அதற்கு ஆக்சிஜன் தெரியாது. ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன், ஹைட்ரஜன் போன்ற லேசான தனிமங்கள் உமிழும் கதிர் அத்தனை பலவீனமானது, காற்றிலேயே கரைந்துவிடும். ஒன்று முதல் நான்கு வரையான ரகங்களைப் பிரிப்பதோ முக்கியமாக ஆக்சிஜன். அதாவது எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதுவே இந்தக் கருவிக்குக் கண்ணில் படாது. திரை 'டைட்டானியம் 99 சதவீதம்' என்று காட்டும். அதை வைத்து ஒரு ரகத்தின் பெயரைச் சொன்னால் அது ஊகம்.

இரண்டாவது, ஐந்தாவது ரகத்தைக் கண்டுபிடிப்பதாவது சுலபமா என்றால் அதுவும் இல்லை. டைட்டானியத்தின் ஒரு கதிர் 4.93 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் விழுகிறது. வெனேடியத்தின் முக்கியக் கதிர் 4.95-இல். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. கூட்டத்தில் 90 சதவீதம் டைட்டானியம் நிற்கும்போது அதன் நிழலில் நாலு சதவீத வெனேடியத்தைத் தனியே எண்ண வேண்டும். நல்ல மென்பொருளும், கலவை முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்த ஒப்பீட்டுத் துண்டும் இருந்தால் முடியும். இல்லாவிட்டால் வெனேடியம் இல்லாத இடத்தில் இருப்பதாகவும், இருக்கும் இடத்தில் குறைவாகவும் எண் வரும்.

மூன்றாவதுதான் வேடிக்கை. எலும்பு நன்றாகப் பற்ற வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலான இம்ப்ளான்ட்டுகளின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள். அதற்கு அலுமினியம் ஆக்சைடு துகள்களை வேகமாக வீசியடிப்பது ஒரு வழி. பிறகு அமிலத்தில் முக்கினாலும் சில துகள்கள் உலோகத்தில் புதைந்தே கிடக்கும். டைட்டானியத்துக்குள் இருக்கும் அலுமினியத்தின் கதிர் சில மைக்ரான் ஆழத்திலிருந்துதான் வெளியே வர முடியும். ஆகவே கருவி பார்ப்பது தோலை, எலும்பை அல்ல. தோலில் அலுமினியம் தெரிந்ததும் 'இது ஐந்தாவது ரகம், ஏமாற்றிவிட்டார்கள்' என்று கூச்சல் போடலாம். உண்மையில் அது அப்பழுக்கற்ற நான்காவது ரகமாக இருக்கக்கூடும். ஒரு தயாரிப்பாளரின் பெயரைக் கெடுக்க இந்த ஒரு தவறு போதும்.

கல்லூரிகளின் ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது எலெக்ட்ரான் நுண்ணோக்கி. படம் பிரமாதமாக வரும். கூடவே, எந்தப் புள்ளியில் என்ன தனிமம் என்று ஒரு பட்டியலும் வரும். ஆனால் அதன் எலெக்ட்ரான்கள் ஒன்றிரண்டு மைக்ரான்தான் இறங்கும். போதாக்குறைக்கு வெனேடியத்தின் லேசான கதிரும் ஆக்சிஜனின் கதிரும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன: 0.511, 0.525. டைட்டானியத்தின் இன்னொரு கதிர் நைட்ரஜன் மேல் ஏறி நிற்கிறது. அந்தப் பட்டியலில் ஆக்சிஜனுக்கு எதிரே இரண்டு தசமத்தில் ஓர் எண் அச்சாகி வந்தால் அதை ரகத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது அபத்தம். மேற்பரப்பில் என்ன அழுக்கு இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த முறை பொருத்தம். பெர்லினில் இயங்கும் கிளீன்இம்ப்ளான்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதைத்தான் செய்கிறது: முத்திரை உடையாத பெட்டிகளைத் திறந்து, உற்பத்தியின்போது ஒட்டிய துகள்களைத் தேடுகிறது. சில பிராண்டுகளில் கண்டுபிடித்தும் இருக்கிறது.

உலோக ஆலைகளில் வழக்கமாகச் செய்யும் தீப்பொறிச் சோதனை? அதற்குத் தட்டையான, நாணயம் அளவுள்ள பரப்பு வேண்டும். நாலு மி.மீ. மரையாணியில் அது எங்கே கிடைக்கும்?

ஆக, நம்பகமான வழிக்கு வந்தாக வேண்டும். அந்த வழி இரண்டாகப் பிரிகிறது.

உலோகங்களுக்கு ஒரு வழி. இம்ப்ளான்ட்டில் ஒரு துண்டை வெட்டி ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். கண்ணாடியையே தின்னும் அமிலம். தோலில் பட்டால் எலும்புவரை பாதிக்கும். டெஃப்லான் பாத்திரம், தனி உறிஞ்சுக் கூண்டு, பழகிய கை, எல்லாம் வேண்டும். அந்தக் கரைசலை பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவில் தெளித்தால் ஒவ்வொரு தனிமமும் தன் நிறத்தில் ஒளிரும். அலுமினியம், வெனேடியம், இரும்பு மூன்றும் தெளிவாக வந்துவிடும். மேற்பரப்புத் துகள்கள் முதலிலேயே அகற்றப்பட்டிருந்தால் தோல், எலும்பு குழப்பமும் இல்லை.

ஆக்சிஜனுக்கு இன்னொரு வழி. சுமார் நூறு மில்லிகிராம் துண்டை நிக்கலோடு சேர்த்து கிராஃபைட் மூசையில் போட்டு, ஹீலியம் வாயு ஓட, 2,000 டிகிரிக்கு மேல் உருக்குகிறார்கள். உலோகத்துக்குள் ஒளிந்திருந்த ஆக்சிஜன் மூசையின் கார்பனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். அதை அகச்சிவப்புக் கதிரால் எண்ணலாம். நைட்ரஜனும் அதே ஓட்டத்தில் அகப்படும். ஹைட்ரஜனுக்குத் தனியாக ஒரு சோதனை.

எத்தனை நுணுக்கம் என்பதற்கு ஒரு கணக்கு. நூறு மில்லிகிராம் துண்டில் 0.40 சதவீதம் என்றால் ஆக்சிஜன் 0.40 மில்லிகிராம். 0.35 சதவீதம் என்றால் 0.35. மூன்றாவது ரகத்தின் எல்லைக்கும் நான்காவதன் எல்லைக்கும் நடுவே இருப்பது 0.05 மில்லிகிராம். மூசையில் ஒட்டியிருக்கும் தூசி, துண்டைத் தொட்ட விரலின் எண்ணெய், வெட்டும்போது சூடானதால் படிந்த ஆக்சைடு, இவை எல்லாம் அந்த 0.05-ஐ விழுங்கப் போதும். அதனால்தான் வெறும் மூசையை முதலில் எரித்து, அதன் ஆக்சிஜனைக் கழித்து, பிறகு அளக்கிறார்கள்.

இதையும் மிஞ்சும் பொறி ஒன்று உண்டு. டைட்டானியத்தின் மேல் இயல்பாகவே படியும் ஆக்சைடு சில நானோமீட்டர்தான், கணக்கில் வராது. ஆனால் சில பிராண்டுகள் மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடை மைக்ரான் கணக்கில் வளர்க்கின்றன. சுமார் 200 சதுர மி.மீ. மேற்பரப்பில் ஐந்து மைக்ரான் படலம் என்று வைத்துக்கொண்டால் அதில் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். முழு இம்ப்ளான்ட்டின் உலோகத்துக்குள் இருப்பதற்குக் கிட்டத்தட்ட சமம்! மேலே சுரண்டாமல் அப்படியே உருக்கினால் ஆக்சிஜன் இரு மடங்காகத் தெரியும். கருவி பழுதாகியிருக்காது. அளந்தவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார். முடிவு மட்டும் தப்பு.

நெருளின் பாம் பீச் ரோட்டில் நின்றால் கடற்கழிக்கு அக்கரையில் ட்ராம்பே மலை தெரியும். அதன் அடிவாரத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம். 1956 ஆகஸ்டில் அங்கே இயங்கத் தொடங்கிய அப்சரா, ஆசியாவின் முதல் ஆராய்ச்சி அணு உலைகளில் ஒன்று. அதன் புதிய வடிவம் 2018 செப்டம்பரில் உயிர்பெற்றது. உலோகத்தை வெட்டாமல், கரைக்காமல் உள்ளே பார்க்கும் வழி ஒன்று அணு உலைக்குத் தெரியும். துண்டை நியூட்ரான் வெள்ளத்தில் சிறிது நேரம் வைத்து எடுத்தால் ஒவ்வொரு தனிமமும் தற்காலிகமாகக் கதிர்வீசும். அலுமினியம் பாதியாகக் குறைய 2.24 நிமிடம், வெனேடியத்துக்கு 3.74, டைட்டானியத்துக்கு 5.76. காமா கதிரும் தனித்தனி: 1779, 1434, 320 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். இங்கே இரட்டைப் பிள்ளைக் குழப்பம் கிடையாது. நியூட்ரான் ஆழமாக ஊடுருவுவதால் தோலும் எலும்பும் சேர்ந்தே கணக்கில் வரும். ஆனால் இதற்கும் ஆக்சிஜன் பிடிபடாது. அதற்கு வேகமான நியூட்ரான்கள் வேண்டும். அணு உலைக்குள் போய் வந்த இம்ப்ளான்ட்டை யாரும் வாயில் வைக்கவும் முடியாது.

எல்லாப் பாதைகளும் வந்து முட்டுவது இந்த ஒரே சுவரில். நம்பும்படி அளக்கப்பட்ட இம்ப்ளான்ட்டை வாயில் வைக்க முடியாது. வாயில் வைக்கப்பட்டதை அளக்க முடியாது. ஜவேரி பஜாரில் இந்தச் சங்கடம் இல்லை. சந்தேகம் என்றால் நகையில் துளி சுரண்டி உருக்கிப் பார்க்கலாம். நகை நகையாகவே இருக்கும்.

ஆகவே பரிசோதனை திருகாணிக்கு அல்ல, அது பிறந்த தண்டுக்கு. ஓர் உருக்கிலிருந்து வரும் எல்லாத் தண்டுகளுக்கும் ஒரே உருக்கு எண். ஆலை தரும் சான்றிதழில் அந்த எண்ணுக்கு எதிரே ஆக்சிஜன், இரும்பு, நைட்ரஜன் எல்லாம் இருக்கும். தண்டிலிருந்து சில நூறு இம்ப்ளான்ட் கடைந்தால் அத்தனைக்கும் ஒரு தொகுதி எண். பெட்டியின் மேல் அச்சாகும் தொகுதி எண்ணிலிருந்து பின்னோக்கி நடந்தால் ஆலைவரை போய்ச் சேர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் சான்றிதழ் வெறும் காகிதம். ரசாயன ஆலைக்கான தண்டும் வாய்க்கான தண்டும் பார்வைக்கு ஒன்றே. 'ஐந்தாவது ரகம்' என்று தொழிற்சாலைக்கு விற்பதில் ஆக்சிஜன் 0.20 சதவீதம்வரை போகலாம். உடலுக்குள் வைக்கும் உயர் ரகத்தில் 0.13 தாண்டக்கூடாது, உள்ளே படிக அமைப்பும் இப்படி இருக்க வேண்டும் என்று விதி உண்டு.

இந்தியாவில் டைட்டானியத்துக்குப் பஞ்சமில்லை. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவராவிலும் கடற்கரைக் கருமணலில் இல்மனைட் கொட்டிக் கிடக்கிறது. சவராவில் 2011-இல் டைட்டானியக் கடற்பஞ்சு உலோக ஆலையும் வந்தது, வருடத்துக்கு 500 டன் திறனில். ஐதராபாத்தின் மிதானி அதை உருக்கித் தண்டாக்கும். டெல்லி ஐ.ஐ.டி.யும் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனமும் சேர்ந்து உள்நாட்டு இம்ப்ளான்ட் ஒன்றையும் உருவாக்கின. மணலும் உலையும் இருக்கின்றன. அளவுகோல் அத்தனை பரவலாக இல்லை. பாபா அணு ஆராய்ச்சி மையம் ஐதராபாத்தில் பொருட்களின் கலவையை அறிவதற்கென்றே ஒரு தேசிய மையம் நடத்துகிறது. நால்கோவோடு சேர்ந்து பாக்சைட்டுக்கு ஓர் ஆதாரத் துண்டை அது வெளியிட்டது. டைட்டானியத்துக்கோ, கலவை உறுதி செய்யப்பட்ட ஆதாரத் துண்டுகளுக்காக அமெரிக்கத் தர நிறுவனம் போன்றவற்றைப் பரிசோதனைக்கூடங்கள் நாடுகின்றன. தராசு எத்தனை நல்லதானாலும் எடைக்கல் சரியாக இருந்தால்தான் வியாபாரம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறது என்றால் அங்கே செய்யும் எல்லாச் சோதனைக்கும் அங்கீகாரம் என்று அர்த்தமில்லை. எந்தப் பொருளில், எந்தத் தனிமம், எந்த முறையில், எந்த அளவு முதல் எந்த அளவு வரை என்று வரிவரியாகப் பட்டியல் உண்டு. எவர்சில்வரில் குரோமியத்துக்கு அங்கீகாரம் பெற்ற கூடம், டைட்டானியத்தில் ஆக்சிஜனுக்கு அதைப் பெறாமல் இருக்கலாம். லெட்டர்பேடில் முத்திரை ஒன்றுதான். பட்டியலைக் கேட்பவர்கள் குறைவு.

கலவை சரியாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், இடுப்பு மூட்டு உலகில் நடந்த ஒரு விபத்து வேறு பாடம் சொல்கிறது. பல் இம்ப்ளான்ட்டில் இப்போது வெள்ளை நிற ஜிர்க்கோனியாவும் வருகிறது. அதே பொருளில் இடுப்பு மூட்டுக்கான உருண்டைகளைச் செய்துவந்த பிரெஞ்சு நிறுவனம் ஒன்று 1998-இல் சூளையை மாற்றியது. பெட்டி போன்ற சூளைக்குப் பதில் சுரங்கம் போன்ற சூளை. கலவை அதேதான். ஆனால் புதிய சூளையில் வெந்த சில தொகுதிகள் நோயாளிகளின் உடலுக்குள்ளேயே நொறுங்கத் தொடங்கின. 2001-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். எத்தனை துல்லியமான ரசாயனச் சோதனையும் அதைக் காட்டிக் கொடுத்திருக்காது. படிக அமைப்பைப் பார்க்க வேண்டியிருந்தது.

சட்டம் மெதுவாக வந்து சேர்ந்திருக்கிறது. 2017-இன் மருத்துவ சாதன விதிகள் 2018 ஜனவரியில் அமலுக்கு வந்தன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவ சாதனங்களும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்தன. ஆபத்து அதிகமுள்ள வகைகளுக்கு 2023 அக்டோபர் முதல் உரிமம் கட்டாயம். ஐரோப்பாவில் 2021 முதல், உடலுக்குள் வைத்த சாதனத்தின் பெயர், தொகுதி எண் கொண்ட அட்டையை நோயாளி கையில் கொடுத்தாக வேண்டும். பல் அடைப்புக்கும் கேப்புக்கும் விலக்கு உண்டு, இம்ப்ளான்ட்டுக்கு இல்லை. இங்கே? நல்ல பிராண்டுகளின் பெட்டியில் உரித்து ஒட்டும்படியான ஸ்டிக்கர் வருகிறது. ஒன்று மருத்துவரின் குறிப்பேட்டுக்கு, ஒன்று நோயாளிக்கு. கேட்டால் கிடைக்கும். தோட்டின் ரசீதை லாக்கரில் வைக்கும் குடும்பங்களில் எத்தனை பேர் இந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குகிறார்கள்?

வெட்டிப் பார்க்க ஒரே ஒரு வகை இம்ப்ளான்ட் தானாகவே கைக்கு வருகிறது: தோற்றுப்போனது. எலும்பு பற்றாமல் ஆடியது, சீழ் பிடித்தது, நடுவில் முறிந்தது. இதை வெட்டலாம், கரைக்கலாம், உருக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. தொகுதி எண்ணோடு சேர்த்து ஒரு கல்லூரி இவற்றைச் சேகரித்தால், எந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று சில வருடங்களில் தெரிந்துவிடும். ஆனால் எடுத்த கையோடு அது போகும் இடத்தை 2016-இன் மருத்துவக் கழிவு விதிகள் தெளிவாகச் சொல்லிவிட்டன. உடைந்த கண்ணாடி மருந்துக் குப்பிகளோடு சேர்த்து, உலோக இம்ப்ளான்ட்டுகளும் நீல நிறக் குறியிட்ட பெட்டிக்கு. அங்கிருந்து கிருமி நீக்கம் செய்து, மறுசுழற்சிக்கு.